பூட்டிக் கிடக்கும் கூடத்தைக் குடோனாக்கும் முன் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள்

உணவு பதப்படுத்தும் திட்டங்களைக் கவனிக்கிற அதிகாரிகளுக்கும், அடுத்த வேளாண் பட்ஜெட்டுக்குக் கணக்குப் போடுகிறவர்களுக்கும்,

போன திங்கட்கிழமை எங்கள் ஒன்றியத்தில் இருக்கிற பொதுப் பதப்படுத்தும் கூடத்தின் இரும்புக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடம் 'பயன்பாட்டில் இல்லாத காரணத்தால்' சரக்கு வைக்கும் குடோனாக நீண்ட காலக் குத்தகைக்கு விடப்படுமாம், விருப்பம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுதித் தரவேண்டுமாம். இன்றோடு ஆறு நாள் ஆகிவிட்டது. அந்த மூன்று வார்த்தையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். பயன்பாட்டில் இல்லை, சரி. யார் பயன்படுத்த விட்டார்கள்? மூன்று வருடத்தில் நாங்கள் நான்கு முறை மனுக் கொடுத்திருக்கிறோம். நான்குக்கும் ஒப்புகைச் சீட்டு என் அலமாரியில் இருக்கிறது, பதில் ஒன்றுகூட இல்லை.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். நான்கு ஏக்கர் மாந்தோப்பு, என் மாமனார் சந்தூர் நாற்றங்காலில் ஒட்டுக்கன்று வாங்கி வந்து வைத்தது. முக்கால்வாசி பெங்களூரா, அதாவது நீங்கள் கிளிமூக்கு என்றும் தோத்தாபுரி என்றும் சொல்கிற காய். மீதி கொஞ்சம் செந்தூரா, வரப்போரம் நீலம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். மாங்காய் வற்றல், தொக்கு, அப்புறம் தாண்ட்ரா. பழக்கூழைத் தட்டில் ஊற்றிக் காயவைத்து, அடுக்கு மேல் அடுக்காக எடுக்கிற இனிப்பு அது. பெயர் தெலுங்கிலிருந்து வந்தது, எங்கள் பக்கம் தமிழ் வீட்டிலும் அதே பெயர்தான். லேபிளில் என்ன பெயர் போடுவது என்று இன்னும் எங்களுக்குள் சண்டை தீரவில்லை.

2025 சீசன் எப்படிப் போனது என்று உங்கள் கோப்பில் இருக்கும். என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். ஜூனில் நாங்கள் இறக்கிய முதல் டிராக்டர் லோடு நான்கு டன். முந்தின வருடம் காய் குறைவு, கிலோ இருபதுக்கு மேல் போனது. இந்த முறை காய் கொட்டியது, விலை 4 ரூபாய். டன்னுக்கு 100 கிலோ கழிவு என்று பிடித்தார்கள், ஆக 3,600 கிலோவுக்கு 14,400 ரூபாய். பறிகூலி 4,800. வண்டி வாடகை 3,500. மாங்கூழ் ஆலை வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு ராத்திரி வண்டி நின்றதற்குத் தனியாக 2,000. கையில் நின்றது 4,100. கிலோவுக்கு ஒரு ரூபாய் சொச்சம். உழவும் மருந்தும் எருவும் காவலும் இந்த ஒரு ரூபாய்க்குள் அடங்கவேண்டும். இரண்டாவது லோடைப் பறிக்கவே இல்லை, விலை இன்னும் இறங்கினால் கூலிக்குக் கையிலிருந்து போடவேண்டியிருக்கும். மரத்தடியில் விழுந்து அழுகி, தோப்பு முழுக்க ஈ. மாமனார் பத்து நாள் தோப்புப் பக்கமே போகவில்லை.

காரணம் கேட்டால் ஆலைக்காரர்கள் சொன்னது, போன வருடக் கூழே விற்காமல் கிடக்கிறது என்று. பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிருமி நீக்கிப் பையில் அடைத்த மாங்கூழ் பேரலுக்குள் ஒன்றரை வருடம் கெடாமல் இருக்கும். பறித்த காய் என் வீட்டுத் திண்ணையில் ஒரு வாரம் தாங்கும். ஒரு வாரம் காத்திருக்க முடிகிறவனும் ஒன்றரை வருடம் காத்திருக்க முடிகிறவனும் உட்கார்ந்து பேரம் பேசினால் விலை யார் பக்கம் சாயும் என்பதற்குப் பெரிய பொருளாதாரம் படிக்கவேண்டியதில்லை. ஆலைகள் மேல் எனக்குப் பகை கிடையாது, அவை இல்லாவிட்டால் இந்த மாவட்டத்தில் இவ்வளவு பெங்களூரா வைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் எங்கள் காயில் பத்தில் ஒரு பங்கையாவது நாங்களே வேறு பொருளாக மாற்றி வைத்துக்கொள்ள முடிந்தால், "இந்த விலைக்கு வேண்டாம், வண்டியைத் திருப்பு" என்று ஒரு தடவையாவது சொல்லலாம். இதுவரை நான் அப்படிச் சொன்னதே இல்லை.

பக்கத்து மாநிலங்களில் நடந்ததும் எங்களுக்குத் தெரியும், எல்லை இங்கிருந்து வெகு தூரமில்லை. ஆந்திராவில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்து, ஆலை 8 கொடுக்க, அரசு 4 கொடுப்பதாக அறிவித்தார்கள். சித்தூர் மாவட்ட நிர்வாகம் அதே ஜூனில் வெளிமாநிலக் கிளிமூக்கு உள்ளே வரக்கூடாது என்று தடையும் போட்டது, எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு இருந்த ஒரு வழியும் அதோடு அடைந்தது. கர்நாடகாவுக்கு ஜூலையில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற கணக்கில், 2.5 லட்சம் டன் வரை, விலை வித்தியாசத்தை ஈடுகட்ட மத்திய அரசு ஒப்புக்கொண்டது. எங்கள் கைக்கு எதுவும் வரவில்லை. அப்புறம் செப்டம்பர் 22-லிருந்து மாங்கூழுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நல்ல காரியம், ஆனால் சீசன் முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்த 7 சதவீதம் அடுத்த சீசனில் காய் விலையில் தெரிகிறதா என்று பார்ப்போம், எனக்கு நம்பிக்கை குறைவு.

சரி, கூடத்துக்கு வருகிறேன்.

அதே ஜூனில், அதே காயில், குழுவில் நாங்கள் போட்ட வற்றல் கணக்கு இது. பத்துக் கிலோ காயைக் கொட்டை எடுத்து வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்தால் ஒரு கிலோ சொச்சம் வற்றல் நிற்கும். கிலோ 220-க்கு போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் தெரிந்தவர்கள் மூலம் பெங்களூரிலும் விற்றோம். காய்க்கு 40 ரூபாய், வெட்டுக்கூலி, உப்பு, கவர் எல்லாம் 90 ரூபாய் போக 90 நின்றது. அதாவது மண்டியில் 4 ரூபாய் போன காய் எங்கள் கையில் 13 ரூபாய் ஆகிறது, வெட்டுக்கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை, அருவாமனையும் உப்பும் வெயிலும்தான்.

வெயில்தான் பிரச்சினை. எங்கள் பக்கம் மே கடைசி, ஜூனில் மதியம் வரை கொளுத்திவிட்டுச் சாயங்காலம் மழை அடிக்கும். தாண்ட்ராவை அவசரப்படுத்த முடியாது. காலையில் தட்டில் ஒரு கரண்டிக் கூழை தோசை மாதிரி மெல்லிசாகத் தேய்க்கவேண்டும், அது விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகுதான் மறுநாள் அதன் மேல் அடுத்த அடுக்கு. எட்டு ஒன்பது நாள் ஆகும் ஒரு தட்டு முடிய. போன வருடம் நாற்பது தட்டு போட்டிருந்தோம். ஆறாம் நாள் சாயங்காலம் காற்று வந்து மேலே கட்டியிருந்த வலையைக் கிழித்துக்கொண்டு போனது, நாங்கள் ஏழு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி ஓடித் தட்டுகளை உள்ளே எடுத்தோம், பாதிக்கு மேல் நனைந்துவிட்டது. மறுநாள் வெயிலே இல்லை. அதற்கு மறுநாள் தட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. குழுவில் ஒருத்தி, "ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டா போதாதாக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்குத் தின்பதாக இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். விற்கிற பொருள். எல்லாவற்றையும் சுரண்டி எருக்குழியில் போட்டோம். அவள் அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை.

இங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் அந்தக் கூடம். அதற்குள் மின்சார உலர்த்தி ஒன்று இருக்கிறது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் தெரியும், கொண்டுவந்து இறக்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கவில்லை, அதன் மேல் புறா எச்சம். பக்கத்தில் கூழ் பிழிகிற மெஷின், நீராவிச் சட்டி, பாட்டில் மூடி போடுகிற கருவி. திறப்பு விழா கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது.

ஏன் ஓடவில்லை என்று நான் விசாரித்த வரைக்கும் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். முதல் வருடம் மும்முனை மின் இணைப்பு வரவில்லை. இரண்டாவது வருடம் இணைப்பு வந்தது, மெஷின் ஓட்ட ஆள் நியமிக்கவில்லை. அப்புறம், கூடத்தை ஏதாவது ஒரு அமைப்பு மொத்தமாக எடுத்து நடத்தவேண்டும், 3 லட்சம் முன்பணம், பன்னிரண்டு மாத வாடகை என்று விதி போட்டார்கள். மாங்காய் சீசன் அடித்துப் பிடித்தால் தொண்ணூறு நாள். ஏழு பெண்கள் 3 லட்சத்துக்கு எங்கே போவது? நாங்கள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். மாவு மில்லில் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்து அரைத்துக்கொண்டு வருகிறோம் இல்லையா, அதுமாதிரி உலர்த்திக்கு மணிக்கு இவ்வளவு, மெஷினுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்துத் திறந்து விடுங்கள் என்று கேட்டோம். "அதற்கு விதியில் இடமில்லை" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். குடோனுக்கு விட மட்டும் விதியில் இடம் இருக்கிறது போல.

பயிற்சிக்கு மட்டும் எப்போதும் பஞ்சமே இல்லை. என்னிடம் மூன்று சான்றிதழ் இருக்கிறது, மூன்றிலும் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற போட்டோ. சொல்லிக்கொடுத்தவர்கள் நல்லவர்கள், விஷயம் தெரிந்தவர்கள், அதை மறைக்கக்கூடாது. முதல் வருடம் நாங்கள் போட்ட தொக்கு பாட்டிலில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அது முழுக்க எங்கள் தப்பு, ஈரம் சரியாக வற்றவில்லை. பயிற்சிக்குப் போன பிறகுதான் எங்கே தவறினோம் என்று புரிந்தது. ஆனால் பயிற்சியில் காட்டிய மெஷின் எதுவும் எங்களிடம் இல்லை, இருக்கிற மெஷின் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்றால் நான்காவது சான்றிதழை வைத்து என்ன செய்ய?

கடனுக்கு வாருங்கள். 2020-ல் மத்திய அரசு சிறு உணவுத் தொழில்களுக்காக 10,000 கோடி ரூபாயில் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, மாநிலமும் அதில் நாற்பது சதவீதம் போடுகிறது. முதலீட்டில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். குழுப் பெண்களுக்குத் தலைக்கு 40,000 வரை விதைப்பணம், அதாவது தொடக்க முதல். காகிதத்தில் பார்த்தால் எங்களை மனதில் வைத்தே எழுதியது மாதிரி இருக்கும். ஆனால் 35 சதவீத மானியம் வங்கிக் கடனோடு கட்டப்பட்டது, வங்கி கடன் கொடுத்தால்தான் மானியம் நகரும். நாங்கள் டிசம்பரில் விண்ணப்பம் போட்டோம். கொட்டேஷன் கேட்டார்கள், திட்ட அறிக்கை கேட்டார்கள், அதை எழுதித் தருகிறவருக்கு ஒரு தொகை. அப்புறம் வங்கியில் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றார்கள். குறுந்தொழில் கடனுக்குப் பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி விதி என்று என் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். மேலாளர் சிரித்துவிட்டு "பார்க்கிறோம்மா" என்றார். ஆகஸ்டில் கூப்பிட்டார்கள். ஆகஸ்டில் மாங்காய் எங்கே இருக்கிறது? எந்த வங்கி என்று இங்கே எழுதவில்லை, ஒரு கிளையைக் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, பக்கத்து ஊர்க் குழுவுக்கும் வேறு வங்கியில் இதே கதைதான்.

உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். எங்களை மாதிரிச் சின்னவர்களுக்கு அப்போது வருடத்துக்கு 100 ரூபாய், ஆன்லைனில் போட்டோம், வந்துவிட்டது. ஆனால் கடையில் வைக்கவேண்டும் என்றால் லேபிளில் சத்து விவரம் கேட்கிறார்கள், அதற்குப் பரிசோதனைக்கூடச் சான்றும் கேட்கிறார்கள். சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பினோம், ஒரு பொருளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. எங்களிடம் மூன்று பொருள். வற்றலுக்கு மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் இன்னும் தெரிந்தவர்களுக்கே விற்றுக்கொண்டிருக்கிறோம். பெங்களூரில் ஒரு கடைக்காரர் தாண்ட்ராவைச் சாப்பிட்டுப் பார்த்து மாதம் ஐம்பது கிலோ கேட்டார். சான்றிதழ் இல்லை என்றதும் பேச்சு அதோடு நின்றது.

மணப்பாறையிலும் தேனியிலும் திண்டிவனத்திலும் பெரிய உணவுப் பூங்காக்கள் வந்திருக்கின்றன, வரட்டும். அங்கே தொழில் போடுகிறவர்களுக்கு நிலமும் ரோடும் மின்சாரமும் தேவைதான். ஆனால் பறித்த காய் அவ்வளவு தூரம் டிராக்டரில் போகாது என்பது உங்களுக்கே தெரியும். காய் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு உலர்த்தி, ஒரு நீராவிச் சட்டி, சாவி வைத்திருக்கிற ஒரு ஆள், இவ்வளவுதான் எங்கள் பூங்கா.

மாங்காய் இல்லாத மாதத்தில் கூடம் சும்மாதானே கிடக்கும் என்று கேட்பீர்கள், கேட்டுமிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வியே வரக்கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் புளி, ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துத் தட்டுகிற வேலை இன்னும் வீட்டு வாசலில் பெண்கள் கையால்தான் நடக்கிறது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை விழுந்தால் ரோட்டில் கொட்டுகிறார்கள், அதைக் காயவைக்கவும் கூழாக்கவும் இதே மெஷின் போதும். கேழ்வரகும் கொள்ளும் இருக்கிறது. கூடத்துக்கு வருடம் முழுக்க வேலை கொடுக்க நாங்கள் தயார், திறந்துவிடுகிற ஆள்தான் இல்லை.

மரம் இப்போது பூவில் இருக்கிறது. ஏப்ரல் பாதியில் காய் வந்துவிடும். அதனால் கேட்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தக் குத்தகை அறிவிப்பை நிறுத்திவையுங்கள். முன்பணமும் வருட வாடகையும் இல்லாமல், மணிக்கணக்கிலும் கிலோக் கணக்கிலும் கட்டணம் வைத்து, ஏப்ரல் 15-க்குள் கூடத்தைத் திறந்து, மெஷின் தெரிந்த இரண்டு பேரைப் போடுங்கள். அவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களாக இருந்தால் நல்லது, பயிற்சி முடித்தவர்கள் இங்கே நிறையப் பேர். முதல் வருடம் மின் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கட்டும், கணக்கை மாதாமாதம் கதவில் ஒட்டுகிறோம்.

சீசன் பயிருக்கான கடன் விண்ணப்பத்தை முப்பது நாளில் முடிக்கவேண்டும் என்று வங்கிகளோடு பேசி முடிவு செய்யுங்கள். கொடுக்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரட்டும். விதைப்பணம் மார்ச்சுக்குள் குழுக் கணக்கில் ஏறவேண்டும். பரிசோதனைக்கு மாவட்டத்திலேயே சாம்பிள் வாங்கும் இடம் ஒன்று வேண்டும், சிறு குழுக்களுக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கை நீங்கள் கொடுங்கள், ஒரு குழுவுக்கு மூன்று பொருள் வரைக்குமாவது. அரசு மாணவர் விடுதிகளுக்கு ஊறுகாயும் தொக்கும் எங்கிருந்தோ வாங்குகிறீர்கள், அதில் ஒரு பங்கை அந்தந்த மாவட்டக் குழுக்களிடம் வாங்குவது என்று உத்தரவு போடுங்கள். தரம் சரியில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள், ஏன் என்று கேட்க மாட்டோம். அப்புறம் ஆலைக்காரர்களையும் விவசாயிகளையும் மார்ச் மாதமே உட்கார வைத்து, அந்த வருடம் எவ்வளவு கூழ் இருப்பில் இருக்கிறது, குறைந்தது என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதைப் பேசி வெளியிடுங்கள். ஜூனில் வண்டியை வரிசையில் நிறுத்திய பிறகு தெரிந்து ஒரு பயனும் இல்லை.

இத்தனைக்கும் இப்போதே பதில் வராது என்று எனக்குத் தெரியும். ஒன்றுக்கு மட்டும் இந்த வாரமே எழுத்தில் பதில் கொடுங்கள். அந்தக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? மூன்று வருடமாகக் கேட்கிறோம், ஒவ்வொரு அலுவலகத்திலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள்.